டீபக்கர் பொய் சொல்லுதாம்ல!

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்ம மக்கள் நிரல் பத்திப் பேச ஆரம்பிச்சா நாலாவது வரியில ஒரு வசனம் வந்துடும். "டீபக்கர்ல வேரியபிள் மதிப்பு தப்பாத் தான் காட்டும் தல. அதையெல்லாம் நம்பிக்கிட்டு.. ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்க, சரியாயிடும்." கூட இருக்கிற பத்து பேரும் "ஆமாம், எனக்கும் அப்படித் தான்"னு தலையை ஆட்டுவாங்க. ஆணி புடுங்குற வேலை முடிஞ்சது, எல்லாரும் டீ குடிக்கப் போயாச்சு.

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல, கணினித் துறையில இல்லாத நண்பர்களுக்காக ரெண்டு வரி. டீபக்கர்ங்கறது ஓடிக்கிட்டிருக்கிற நிரலை நடுவுல நிறுத்தி, "இந்த நொடியில இந்த வேரியபிள்ல என்ன எண் இருக்கு"ன்னு எட்டிப் பார்க்க உதவுற கருவி. தமிழ்ல 'வழுநீக்கி'ன்னு பேர் வச்சிருக்கோம். பேரிலேயே கோளாறு. அது எந்த வழுவையும் நீக்காது. காட்டும், அவ்வளவு தான். நீக்க வேண்டியது நாம. அது காட்டுறதை நாம நம்பவே மாட்டோம்னா அப்புறம் எதுக்கு அந்தக் கருவி?

நான் சொல்ல வர்றது இவ்வளவு தான். டீபக்கர் தப்பான மதிப்பு காட்டினா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணத்தை வாயால சொல்ல முடியாத வரைக்கும் "டீபக்கர் தப்பு"ன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. அப்படிச் சொல்றவர் உண்மையில சொல்றது, "எனக்குத் தெரியலை, தேடவும் மனசில்லை"ங்கறது தான்.

"ரொம்ப அலட்டிக்காதே, ஒரு எண் தப்பாத் தெரிஞ்சா உலகம் அழிஞ்சிடுமா?"ன்னு கேட்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல இருந்து எங்க சேர்வராயன் மலையில காப்பி இருக்கு. இன்னிக்கும் ஏற்காட்டைச் சுத்தி எங்க பார்த்தாலும் சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி, நடுவுல காப்பிச் செடி. சீசன்ல பழம் பறிக்க ஆள் சேர்ப்பாங்க. சில வருஷம் முன்னாடி, பேர் சொல்ல விரும்பாத ஒரு எஸ்டேட்ல, நாள் கூலிக்கு மேல பறிச்ச எடையைப் பொறுத்து மேல்கூலின்னு ஒரு ஏற்பாடு. எடை போடுற தராசைக் கம்ப்யூட்டர்ல இணைச்சு, ஆள் எண், மொத்த எடை, கழிக்க வேண்டிய சாக்கு எடை, நிகர எடை எல்லாத்தையும் சீட்டுல அச்சடிச்சுக் கொடுக்கிற நிரல் ஒண்ணு எழுதி வாங்கியிருந்தாங்க. எழுதினது கீழே சமவெளியில இருக்கிற ஒரு சின்ன கம்பெனி. அதுக்கும் பேர் வேணாம்.

சீசன் ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே பறிக்கிற பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. "எடை குறையுது." மேஸ்திரி கேட்கலை. "மெஷின் பொய் சொல்லுமா? நீங்க தான் இலையும் குச்சியும் போட்டு மூட்டையை நிரப்பறீங்க"ன்னு திருப்பி அடிச்சிருக்கார். வாரம் ஓடிடுச்சு. கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உள்ளூர்ல பொட்டி தட்டுறவன் நான் ஒருத்தன் இருக்கேன்னு எஸ்டேட் கணக்கருக்கு ஞாபகம் வந்து, "கொஞ்சம் பாருங்க"ன்னு என்னைக் கூப்பிட்டார்.

நான் போனப்ப அங்கே ஒரு அக்கா, அம்பது வயசு இருக்கும், எங்கிட்ட நேரா வந்து சொன்னாங்க: "கண்ணு, முப்பது வருசமா இந்தத் தோள்ல மூட்டை தூக்குறேன். எனக்குத் தெரியாதா எது எத்தனை கிலோன்னு? உங்க பொட்டி தான் திங்குது."

பொட்டி தான் தின்னுக்கிட்டு இருந்தது. எப்படின்னு பாருங்க.

கம்பெனி அனுப்பின ஒரு தம்பி லேப்டாப்போட அங்கேயே இருந்தான். படிப்பு முடிச்சு ஒரு வருஷம் கூட ஆகலை. அவன் எங்கிட்ட தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். "அண்ணா, இதை ஆபீஸ்ல சோதிச்சப்பவே டீபக்கர்ல ஒண்ணு பார்த்தேன். சாக்கு எடை 800 கிராம்னு அனுப்பறோம். அச்சடிக்கிற ஃபங்ஷனுக்குள்ள போனா 803ன்னு காட்டுது. வெளிய வந்தா மறுபடி 800. சார்கிட்ட சொன்னேன். 'டீபக்கர்ல அப்படித் தான் தப்பா வரும், 3 கிராம் ஏதோ ரவுண்டிங், விடு'ன்னுட்டார்."

சார் சும்மா சொல்லலையாம், சோதிச்சும் காட்டியிருக்கார். நிரலை மொத்தமா ரீபில்ட் பண்ணினாராம். அப்பவும் 803. பிறகு அனுப்பற இடத்துல ஒரு பிரிண்ட் போட்டாராம். 800ன்னு வந்துச்சு. "பார்த்தியா? பிரிண்ட்ல 800. அப்போ டீபக்கர் தான் தப்பு." தீர்ப்பு சொல்லியாச்சு, கேஸ் முடிஞ்சது.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. அந்த வேரியபிள் கிராம்ல வச்சிருக்கிற முழு எண். முழு எண்ல ஏதுங்க ரவுண்டிங்? அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா போதும், எஸ்டேட்ல ஒரு வாரச் சண்டை நடந்திருக்காது. யாரும் கேட்கலை. ஏன்னா 'டீபக்கர் தப்பாத் தான் காட்டும்'ங்கற வேதவாக்கு கையில ரெடியா இருந்துச்சு.

நான் செஞ்சது பெரிய வித்தையெல்லாம் இல்லை. அனுப்பற இடத்துல நிறுத்தி, அந்தச் சீட்டுக் கட்டமைப்பு மெமரியில எந்த முகவரியில இருக்குன்னு குறிச்சுக்கிட்டேன். அச்சடிக்கிற ஃபங்ஷனுக்குள்ள போய் மறுபடி முகவரியைப் பார்த்தேன். ஒரே முகவரி. சரி, அப்போ இருக்கிறது ஒரே பொருள் தான். மெமரி விண்டோவைத் திறந்து பச்சையா பைட்டுகளைப் பார்த்தேன். எட்டாவது பைட்ல இருந்து 803. பன்னிரண்டாவது பைட்ல இருந்து 800. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல சமர்த்தா உட்கார்ந்திருக்கு!

800 சாக்கு எடை. அப்போ 803? அந்தத் தம்பி சோதனைக்குன்னு உள்ளிட்ட பிளாட் எண். எட்டாம் பிளாட், மூணாம் பகுதி.

நடந்தது இது தான். முதல்ல அந்தக் கட்டமைப்புல மூணே அறை: ஆள் எண், மொத்த எடை, சாக்கு எடை. எஸ்டேட்காரங்க "எந்த பிளாட்ல பறிச்சதுன்னும் வேணும்"னு கேட்டிருக்காங்க. ஹெட்டர் ஃபைல்ல மூணாவது இடத்துல பிளாட் எண்ணைச் செருகிட்டாங்க. சாக்கு எடை நாலாவது இடத்துக்குத் தள்ளப்பட்டுச்சு. ஆனா அச்சடிக்கிற பகுதி தனி டிஎல்எல். வேறொருத்தர் பழைய ஹெட்டரை வச்சுக் கட்டிக் கொடுத்தது. இவங்க எத்தனை தடவை ரீபில்ட் பண்ணினாலும் அந்த டிஎல்எல் மாறாது. லிங்கர் ஃபங்ஷன் பேர் பொருந்துதான்னு பார்க்கும், உள்ளே எத்தனை அறைன்னு எண்ணிப் பார்க்காது. ஆகவே யாரும் கூச்சல் போடலை. டிஎல்எல் தன் பழக்கப்படி மூணாவது அறையைத் திறந்து, அங்க இருந்த பிளாட் எண்ணை சாக்கு எடைன்னு நினைச்சுக் கழிச்சுது.

சோதனையில பிளாட் 803. சாக்கு 800. 3 கிராம் தான் வித்தியாசம். நிஜ எஸ்டேட்ல பிளாட் 2103ல பறிச்சவங்களுக்கு ஒவ்வொரு மூட்டையிலயும் 2 கிலோ 103 கிராம் கழிஞ்சுது. அதாவது மூட்டைக்கு 1303 கிராம் நஷ்டம். நாளுக்கு மூணு மூட்டைன்னா கிட்டத்தட்ட நாலு கிலோ போச்சு. பிளாட் 402ல பறிச்சவங்களுக்கு மூட்டைக்கு 398 கிராம் லாபம். அங்கிருந்து புகார் எதுவும் வரலை :-)

இப்ப சொல்லுங்க, டீபக்கர் பொய் சொல்லுச்சா? வெளிய நின்னா புது ஹெட்டர்படி 800. உள்ள போனா பழைய ஹெட்டர்படி 803. அந்தந்த இடத்துல நிரல் எதை சாக்கு எடைன்னு நம்புதோ அதைத் தான் அது அப்படியே காட்டுச்சு. அந்த "தப்பான மதிப்பு" தான் வழுவே! வழுவே வந்து "நான் தான் வழு"ன்னு கையைத் தூக்கி நிக்குது, நாம "நீ இல்லை, உட்காரு"ங்கறோம்.

பிரிண்ட் கட்சிக்காரங்களே, உங்களைத் தான். பிரிண்ட் என்ன சொல்லுச்சு? 800. பிரிண்ட் பொய் சொல்லலை. அதை வச்ச இடம் தப்பு. வாசல்ல நின்னு எண்ணிட்டு வீட்டுக்குள்ள திருட்டு நடக்கலைன்னு சாட்சி சொன்ன கதை. பிரிண்ட் கெட்ட கருவின்னு நான் சொல்லலை, நானும் தினமும் போடுறேன். ரெண்டு கருவி ரெண்டு எண் காட்டினா, ஏன் ரெண்டுங்கற கேள்விக்குத் தான் முதல்ல பதில் தேடணும். பிடிச்ச எண்ணை வச்சுக்கிட்டு பிடிக்காததைத் தூக்கிப் போட அது என்ன காய்கறிக் கடையா?

எனக்கு இதுல ரொம்ப எரிச்சலானது வேற ஒண்ணு. அச்சடிச்ச சீட்டும் அதே நிரல் கொடுத்த எண் தான், டீபக்கர்ல தெரிஞ்சதும் அதே நிரலோட எண் தான். சீட்டைக் காட்டி "மெஷின் பொய் சொல்லுமா"ன்னு அந்த அக்காவை மடக்கினாங்க. டீபக்கரைக் காட்டின தம்பியை "மெஷின் அப்படித் தான் பொய் சொல்லும்"னு மடக்கினாங்க. எந்த எண் நமக்குச் சவுகரியமோ அது உண்மை, எந்த எண் வேலை வைக்குதோ அது டீபக்கர் கோளாறு. இது தொழில்நுட்பமா, கட்டப்பஞ்சாயத்தா?

சரி, நியாயமாப் பேசணும். டீபக்கர் காட்டுற எண் நிஜமாவே நிரலோட ஒத்துப் போகாத சந்தர்ப்பம் உண்டு. நிறையவே உண்டு. அதுக்கும் காரணம் தெரியும். புதுசா நேத்திக்குக் கண்டுபிடிச்ச காரணம் இல்லை. ஜான் ஹென்னஸி 1982லயே, ஆப்டிமைஸ் பண்ணின நிரலை டீபக் செய்யறதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டார். பின்னாடி 2000லிருந்து 2016 வரை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத் தலைவரா இருந்தாரே, 2017க்கான டூரிங் விருதை டேவிட் பேட்டர்சனோட பகிர்ந்துகிட்டாரே, அவரே தான். வேரியபிள்ல இருக்கிற மதிப்பு மூல நிரல்படி இந்த வரியில இருக்க வேண்டிய மதிப்பா இல்லாம போறது ஒரு வகை, எந்த வழியா வந்தோம்ங்கறதைப் பொறுத்து அப்படி ஆகியிருக்கலாம்ங்கறது இன்னொரு வகைன்னு அப்பவே பிரிச்சு வச்சிட்டார். நாம நாப்பது வருஷம் கழிச்சும் "டீபக்கர் லூசு"ன்னு ஒரே வகையில நிக்கறோம்.

எங்க ஊர் கணக்குல சொல்றேன். சேலத்துல இருந்து ஏற்காடு வர்ற மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் எண் போட்டிருக்கும். பஸ்ல வர்றவனை நிறுத்தி "பன்னிரண்டாவது வளைவுல என்ன பார்த்தே"ன்னு கேட்டா சொல்லுவான். நடுவுல இறங்கி ஒத்தையடிப் பாதையில குறுக்கா ஏறி வந்தவனைக் கேட்டா? அவன் அந்த வளைவுக்கே போகலை. ஆப்டிமைஸ் பண்ற கம்பைலர் அந்தக் குறுக்குப் பாதைக்காரன். நாம எழுதின வரிசையில அது போகாது. வேரியபிளை மெமரியில வைக்காம ரிஜிஸ்டர்ல வச்சுக்கும், வேலை முடிஞ்சதும் அதே ரிஜிஸ்டரை வேற எதுக்காவது எடுத்துக்கும், தேவையே இல்லைன்னா வேரியபிளையே ஒழிச்சுடும். டீபக்கர் கையில இருக்கிறது கம்பைலர் வரைஞ்சு கொடுத்த வரைபடம். விண்டோஸ் உலகத்துல பிடிபி ஃபைல், லினக்ஸ் பக்கம் ட்வார்ஃப். வரைபடத்துல என்ன இருக்கோ அதை வச்சுத் தான் அது வழி சொல்லும்.

ஆகவே தப்பான மதிப்பைப் பார்த்தா பதற வேணாம், சலிச்சுக்கவும் வேணாம். வரிசையாப் பாருங்க.

1. மஞ்சள் அம்பு நிக்கிற வரி இன்னும் ஓடலை. அடுத்து ஓடப் போறது தான் அது. அந்த வரியில வைக்கப் போற மதிப்பை இப்பவே தேடினா எப்படிக் கிடைக்கும்? பாதிப் பேர் புகார் இதுலயே தீர்ந்துடும்.

2. விஷுவல் சி++ல டீபக் பில்ட்ல -858993460ன்னு ஒரு விகாரமான எண் தெரியுதா? டீபக்கருக்குப் பைத்தியம் பிடிக்கலை. ஆரம்ப மதிப்பு கொடுக்காத லோக்கல் வேரியபிள்னு காட்டிக் கொடுக்கத் தான் அந்த இடத்தை அப்படி நிரப்பி வைக்கறாங்க. பதினாறடிமானத்துல பார்த்தா எட்டு 'சி' வரிசையா நிக்கும். ஹீப்ல எடுத்த இடம்னா -842150451.

3. 16 வர வேண்டிய இடத்துல 10 வருதா? பதினாறடிமானக் காட்சி டிக் ஆகியிருக்கும். சிரிக்காதீங்க, இதுக்காகவே ஒரு சாயங்காலத்தைத் தொலைச்சவங்க உண்டு.

4. ஓடுற பைனரியும் திறந்து வச்சிருக்கிற மூல நிரலும் ஒண்ணு தானா? பில்ட் பண்ணின பிறகு நாலு வரி சேர்த்திருந்தா அம்பு நாலு வரி தள்ளி நிக்கும். லோடு ஆன மாட்யூல் எந்த ஃபோல்டர்ல இருந்து வந்துச்சுன்னு டீபக்கரே சொல்லும், கேளுங்க.

5. அதே பேர்ல உள் அடைப்புக்குள்ள இன்னொரு வேரியபிள் இருக்கா? நீங்க பார்க்கிறது எந்த ராமசாமி?

6. ஆப்டிமைஸ் பண்ணின பில்டா? அப்படின்னா ஆப்டிமைஸ் இல்லாம கட்டிப் பாருங்க. ஜிசிசியில 2013ல வந்த 4.8 பதிப்புல இருந்து, டீபக் பண்றதுக்குன்னே '-ஓஜி'ன்னு ஒரு நிலை இருக்கு. ஜிடிபி "ஆப்டிமைஸ்டு அவுட்"னு காட்டினா கோவிச்சுக்காதீங்க. "எனக்குத் தெரியாது"ன்னு நேர்மையாச் சொல்ற ஒரே ஆள் அது தான்.

7. பார்க்கிறதே மதிப்பை மாத்துதா? வாட்ச்ல போட்ட எக்ஸ்பிரஷன் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுதுன்னா, நீங்க பார்க்கப் பார்க்க நிரலோட நிலை மாறிக்கிட்டே இருக்கும். சில சிப்கள்ல சீரியல் போர்ட் டேட்டா ரிஜிஸ்டரைப் படிச்சாலே 'புதுசா வந்திருக்கு'ங்கற கொடி அணைஞ்சுடும். மெமரி விண்டோவைத் திறந்து வச்சிருந்தா வந்த பைட்டை டீபக்கரே தின்னுடும்.

8. பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு: கன்சோல்ல ஒரு ஆப்ஜெக்டை அச்சடிச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு முக்கோணத்தைச் சொடுக்கி விரிச்சா, உள்ளே தெரியறது நீங்க விரிச்ச நேரத்து மதிப்பு. அச்சடிச்ச நேரத்து மதிப்பு இல்லை. பிரிண்ட் கட்சியின் தலைமை அலுவலகத்துலயே இந்த நிலைமை :-)

9. இது எதுவுமே இல்லையா? பேரை விட்டுட்டு முகவரியைப் பிடிங்க. பச்சை மெமரியைப் பாருங்க, முடிஞ்சா டிஸ்அசெம்பிளியையும் பாருங்க. அந்த எஸ்டேட் கேஸ் இந்தப் படியில தான் உடைஞ்சது.

இதையெல்லாம் தாண்டி, கம்பைலர் வரைஞ்ச வரைபடமே தப்பா இருக்கிறதும் உண்டு. 2020லயும் 2021லயும் ஆராய்ச்சியாளர்கள் இதுக்குன்னே கருவிகள் எழுதி, பிரபலமான கம்பைலர், டீபக்கர்கள்லயே நிஜமான வழுக்களைக் கண்டுபிடிச்சு அறிவிச்சிருக்காங்க. அதனால "டீபக்கர் தப்பு"ங்கற வாக்கியம் எப்பவுமே தப்புன்னு நான் சொல்ல வரலை. அது ஒன்பது படி ஏறின பிறகு பத்தாவது படியில நின்னு சொல்ல வேண்டிய வாக்கியம். நாம அதைத் தரையில உட்கார்ந்துக்கிட்டே சொல்றோம்.

"நேரம் இல்லை பாஸ், டெட்லைன்"னு ஒரு குரல் கேக்குது. ஒன்பது படியும் ஏற ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். அந்த எஸ்டேட்ல ஒரு வாரச் சீட்டு மொத்தத்தையும் எடுத்து, மொத்த எடையில இருந்து 800 கழிச்சு, கையால மறுபடி கணக்குப் போட்டு, குறைஞ்ச மேல்கூலியைத் திருப்பிக் கொடுக்க கணக்கருக்கு நாலு நாள் ஆச்சு. காசு திரும்பி வந்துடுச்சு. இலையும் குச்சியும் போட்டு மூட்டை நிரப்பறாங்கன்னு ஊர் முன்னாடி சொன்னது? அதைத் திருப்பி எடுத்துக்க யாரும் வரலை. அந்த வேரியபிளுக்கு ரீபில்ட் கிடையாதுங்க.

நம்ம ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் பத்தியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த வரைக்கும், வேலைக்கு வர்ற பசங்களுக்கு லிங்க்டு லிஸ்ட் தலைகீழாத் தெரியுது. டீபக்கரைத் திறந்து வச்சு, அது காட்டுறதை எப்படிப் படிக்கணும், எப்போ சந்தேகப்படணும்னு ஒரு மணி நேரம் யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேட்டா முழிக்கறாங்க. வேலைக்கு வந்த இடத்துலயாவது கத்துக்கலாம்னு பார்த்தா, முதல் நாளே சீனியர் காதுல ஓதறது "அதை நம்பாதே". அந்தத் தம்பி சரியாத் தான் பார்த்தான், சரியாத் தான் போய்ச் சொன்னான். அடுத்த தடவை இப்படி ஒரு எண் கண்ணுல பட்டா சொல்வானா? சந்தேகம் தான். ஒரு நல்ல நிரலாளனைக் கெடுக்க "விடு, அப்படித் தான் வரும்"ங்கற நாலு வார்த்தை போதும்.

ஆகவே டீம் லீடு அண்ணன்மார்களே, அக்காமார்களே! அடுத்த தடவை ஒரு பொடியன் வந்து "டீபக்கர்ல மதிப்பு வேற மாதிரி வருது"ன்னா, "ஏன் வருதுன்னு நினைக்கிறே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் அவனுக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருங்க. காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த பில்டை வெளியே அனுப்பாதீங்க.

பின்குறிப்பு: மாற்றுக் கருத்து உள்ளவங்க தாராளமா வாங்க, சண்டை போடலாம். "எனக்கு எப்பவுமே ரீபில்ட் பண்ணினா சரியாயிடுது"ன்னு சொல்ல வர்றவங்க மட்டும், ஏன் சரியாச்சுங்கறதையும் கூடவே எழுதிடுங்க. புண்ணியமாப் போகும்.